முன்னால் நடந்தவள்

கொல்லிமலைப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். மிளகுச் சுமையோடு சந்தைக்கு இறங்கும் வரிசையில் இருசாயி எப்போதும் கடைசி. தலைப்பிரசவத்தில் பிள்ளை நாள்கணக்கில் சிக்கிக்கொண்டு செத்துப் பிறந்தது. உள்ளே ஓட்டை விழுந்து, அன்று முதல் சிறுநீர் தன்னால் கசிந்தது. சீலை காய்ந்த நாளில்லை. எங்கே போனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டு, தள்ளித்தான் உட்காருவாள். சாமி குத்தம் என்றார்கள். சாமிக்கு வேறு வேலை இல்லையா என்று அவளுக்கு ஆத்திரம் வரும்.

அண்ணன் மாதன்தான் அடிவாரம் தாண்டி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். வெள்ளைக்கார டாக்டரம்மா பிறப்புறுப்பின் உள்ளே இருந்த ஓட்டையைத் தைத்தார். தையல் பிரிந்தது, மறுபடி தைத்தார். சிறுநீர் வடியப் போட்டிருந்த குழாயை எடுத்த மறுநாள், விடிந்ததும் இருசாயி படுக்கை விரிப்பைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

தை மாதச் சந்தைக்கு அவளே முன்னால் நடந்தாள். முன்னால் போகிறவர்தான் புல்லில் நிற்கும் பனியையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதால் யாரும் தடுக்கவில்லை. அடிவாரத்தில் சுமையை இறக்கியதும், அண்ணி பெருமாயி அவள் சீலையைப் பார்த்துத் தயங்கினாள்.

"ஏங்கண்ணு, மறுபடியும் ஈரமா இருக்குது?"

"பனிங்க அண்ணி" என்ற இருசாயி, காற்றைப் பார்க்காமல் அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.