ரீவியில் ஒட்டிய மேப்பிள் இலை

ஒன்பது வயதில் நான் ஒரு ரீவியைத் திருத்தினேன். பின்மூடியைக் கழற்றவில்லை, ஒரு ஆணியைக்கூடத் தொடவில்லை. இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் இல்லை. முதல் வேலைக்கான நேர்முகத்தில், கேட்காத கேள்விக்குப் பதிலாகவும் சொல்லியிருக்கிறேன். அதற்காக எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. திருத்தியது திருத்தியதுதான்.

அப்போது இணுவிலில் எங்கள் வீட்டில் இருந்தது, முதுகு புடைத்த பழைய ரகத் தொலைக்காட்சிப் பெட்டி. பின்னல் துணி விரித்த மேசையில், சுவாமிப் படத்துக்கு அடுத்த மரியாதையோடு அது வீற்றிருந்தது. அந்த மரியாதை போதாதென்று அதற்கு ஒரு நகையும் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி. நான் பிறக்குமுன்பே கனடாவுக்குப் போனவர். அங்கே விசா சரிவரும்வரை ஊருக்கு வர வழியில்லை. ஊருக்கு வந்த ஒருவரிடம் மாமா கொடுத்துவிட்ட பொதியில் சொக்கிலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் அடியில் ஒரு சிவப்பு மேப்பிள் இலை இருந்தது. முதுகில் தடித்த காந்தம். பிறிட்ஜில் ஒட்டுவதாம்.

எங்களிடம் பிறிட்ஜ் இல்லை. அம்மா அதை ரீவிச் சட்டத்தின் வலப்பக்க மேல் மூலையில் வைத்துப் பார்த்தார். பிளாஸ்டிக்கில் பிடிக்காது என்று அப்பா சொல்லி வாய் மூடுமுன் அது பட்டென்று பிடித்துக்கொண்டது. உள்ளே இரும்புப் பட்டி ஓடுவது எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒட்டிவிட்டதால் அதன் இடமே அதுதான் என்று எடுத்துக்கொண்டோம். தினமும் தூசி தட்டும்போது அம்மா சேலைத் தலைப்பால் அந்த இலையையும் ஒருமுறை துடைப்பார்.

இலை வந்த அன்று பார்த்து மின்சாரம் நின்றிருந்தது. அதனால் மறுநாள் திரையின் மேல் மூலையில், நாவற்பழம் தின்ற வாயைப் போல ஊதாவும் பச்சையுமாக ஒரு கறை தெரிந்தபோது யாரும் இலையைச் சந்தேகிக்கவில்லை. சந்தேகமெல்லாம் அப்பாவுக்கு மின்சாரத்தின் மேல்தான்.

அப்பா தோட்டக்காரர். நீர் இறைக்கும் மெசினைக் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டக்கூடியவர். உலகத்தில் பழுது என்று இருப்பது இரண்டே வகை என்பது அவருடைய முடிவு: ஒன்று அடைப்பு, மற்றது இளக்கம். ஆகவே ரீவியின் வயர்களைப் பிடுங்கி வாயால் ஊதினார். அன்ரனாவைத் திருப்பச் சொல்லி என்னை மதிலில் ஏற்றினார். பெட்டியின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டினார். கறை அசையவில்லை. கடைசியில் சந்தியிலிருந்து ரீவி திருத்துகிற பாஸைக் கூட்டிவந்தோம். அவர் தூர நின்றே பார்த்துவிட்டு, ரியூப் போகப்போகிறது, வேறு வாங்குவதுதான் நல்லது என்று சொல்லித் தேநீரையும் குடித்துவிட்டுப் போனார்.

இந்த நேரத்தில்தான் மாமாவின் கலியாண டிவிடி வந்து சேர்ந்தது. விசா சரிவந்து, அங்கேயே பெண் பார்த்து, அங்கேயே தாலி கட்டியாகிவிட்டது. வளர்த்த அக்காமார் இரண்டு பேரும் இங்கே. ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக எங்கள் வீட்டில் இருந்து பார்ப்பது, அதற்குமுன் யாரும் அதைத் தொடுவதில்லை என்று பெரியம்மாவும் அம்மாவும் பேசிக்கொண்டார்கள். சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று. கலியாண வீட்டைப் போலப் பயித்தம் பணியாரமும் சுட்டாயிற்று. தம்பியின் முகத்தை எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு பார்க்கப்போகிறார்கள். அதுவும் ஊதாவாகவும் பச்சையாகவுமா தெரியவேண்டும்? அந்த வாரம் முழுக்க அம்மா ரீவியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்று நின்றுதான் போனார்.

வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போய் இருட்டத்தான் வந்தோம். சனி காலையில் ரீவியைப் போட்டால் மேல் மூலை பளிச்சென்று இருந்தது. கறை இப்போது இடப்பக்கக் கீழ் மூலையில்.

“இறங்கி வந்திட்டுது!” என்றார் அப்பா. “உள்ளுக்கை ஏதோ கழண்டு உருளுது. திறந்தால் தெரியும்.”

“இதைத் திறந்து நாளைக்கு ஒண்டுமே தெரியாமல் போச்சுதெண்டால் அக்காவுக்கு நான் என்ன சொல்றது? தொடாதேங்கோ” என்று அம்மா குசினிக்குள் இருந்து சத்தம் போட்டார்.

அப்பா கேட்கவா போகிறார்? பொருத்தமான ஸ்குறூ டிரைவர் வாங்கி வரப் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

நான் திரைக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்து கறையைப் பார்த்தேன். கறைக்குப் பக்கத்தில் சிவப்பு இலை. நேற்று வரை கறை மேலே இருந்தது. நேற்று வரை இலையும் மேலேதானே இருந்தது! நகத்தால் நெம்பி இலையை இழுத்தேன். கறை நடுங்கியது. இன்னும் இழுத்தேன், சுருங்கியது. திரும்பக் கொண்டுபோனேன், நிறமெல்லாம் இலையை நோக்கி ஓடி வந்தது. அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்வது? இவ்வளவு பெரிய பெட்டி என் உள்ளங்கையின் சொல்லுக்கு ஆடுகிறது. வீடு அதிர அப்பாவைக் கூப்பிட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் பாம்பு என்று நினைத்துத் தடியோடு வந்தார்கள்.

அப்பா இலையை வாங்கித் தானும் ஒருமுறை கொண்டுபோய்ப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார். “நானும் இதைத்தான் யோசிச்சுக்கொண்டு வந்தனான்” என்றார். ஆனால் இலையை எடுத்த பிறகும் அந்த மூலையில் மங்கலாக ஒரு நிழல் தங்கியிருந்தது. அப்பாவின் கை மறுபடி ஸ்குறூ டிரைவருக்குப் போனது.

“கொஞ்ச நேரம் சுவிச்சை நிப்பாட்டி வைச்சிட்டுப் பிறகு போட்டுப் பாருங்கோவன்” என்று குசினிக்குள் இருந்து அம்மா சொன்னார்.

அம்மா எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல்வார்தானே என்றுதான் நினைத்தேன். அப்படியே செய்தோம். மறுபடி போட்டபோது பெட்டி ‘டொங்’ என்று ஒரு முறை உறுமியது, படம் ஒரு தரம் உதறியது, நிழல் போய்விட்டது. திரையில் தங்கிய காந்தத்தை அந்த ரகப் பெட்டிகள் போடும்போது தாமே போக்கிக்கொள்ளும் என்று பின்னால்தான் படித்தேன்.

ஞாயிறு வீடு நிறைந்த சனம். அப்பா என்னைத் தோளில் பிடித்து முன்னால் நிறுத்தினார். “பாஸ்மாரே கைவிட்ட ரீவி. என்ரை பிள்ளை திருத்தினவள்.” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்று போட்டிருந்த மஞ்சள் சட்டையின் கை எனக்குச் சற்று இறுக்கம். அதுகூட எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. வட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஒரு உறவுக்காரர், தங்கள் வீட்டு ரீவியையும் நான் வந்து பார்க்கவேண்டும் என்று மெய்யாகவே கேட்டார். வருகிறேன் என்றேன்.

மாமா மணவறையில் இருந்தார், திரையின் வலப்பக்கம். பெரியம்மா முதலில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார், அடுத்து “முன்தலை மயிர் முழுக்கக் கொட்டிப்போட்டுதே இவனுக்கு!” என்று சிரித்தார், பிறகு மறுபடி அழுதார். அம்மா அழவில்லை. கதவடியில் நின்றபடி, “இப்ப பாருங்கோ, சிரிப்பான்” என்றார். மாமா நிமிர்ந்து சிரித்தார். கூடப்பிறந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் இன்னொரு பணியாரம் எடுத்தேன்.

அந்த ஞாயிறுதான் என்னை மின்னணுவியல் படிக்க வைத்தது. இன்று என் மேசைக்கு வரும் பழுதுகளில் பாதிக்கு மேல் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். போன மாதம் என் மகளுக்கும் கதையைச் சொன்னேன். காந்தம், கறை, ‘டொங்’ எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள்: “அப்ப இலையை மேலையிருந்து கீழை மாத்தினது ஆர்?”

இத்தனை பேருக்குச் சொல்லியும் இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. இலைக்குக் காலா இருக்கிறது? வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்தவர் அம்மா மட்டும்.

அன்றே அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வெள்ளிக்கிழமை தனிய இருந்து டிவிடியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“அக்காவுக்குச் சொல்லிப்போடாதை” என்றார். “மேலைப் பக்கம் கறை அவன்ரை முகத்திலையெல்லோ கிடந்தது. இலையைத் தொட்டுப் பார்த்தன், கறையும் அசைஞ்சுது. கீழை வைச்சன். சுவிச்சை நிப்பாட்டித் திரும்பப் போட்டன். முகம் வந்திட்டுது.”

“பிறகேன் அதைக் கழட்டி எறியேல்லை?”

“அவன் தந்துவிட்டதை ஏன் எறியிறது? எனக்கு முகம் தெரிஞ்சால் போதும்.”

அந்த இலை இப்போது அம்மாவின் இரும்பு அலுமாரிக் கதவில் இருக்கிறது. கதையை நான் இன்னமும் எல்லோருக்கும் சொல்கிறேன், முன்பைவிடப் பெருமையாகவே சொல்கிறேன். முதல் வரியை மட்டும் மாற்றிவிட்டேன்: எங்கள் வீட்டு ரீவியைத் திருத்திய இரண்டாவது ஆள் நான்.