காலரா கொட்டகையில் கலங்கிய புத்தி

நர்ஸ் வேலையில் ஊரார் காய்ச்சலையெல்லாம் நாம் பார்ப்போம். நமக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆள் கிடையாது. கை கழுவிக் கழுவித் தோலுரிந்த சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! அறுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் காலரா வந்தபோது, ஊருக்கு வெளியே ஓலைக் கொட்டகை போட்டு என்னை அங்கே தள்ளினார்கள். அதன் பிறகு எனக்கு நடந்தது எனக்கே சரியாகப் புரியவில்லை.

கண்டக்டர் கை

வேலை முடிந்து பொன்னேரி பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் வாங்க வேண்டியவள், கண்டக்டர் நீட்டிய கையைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்துவிட்டேன். காலரா வந்தவர்களுக்கு நாடி விரலுக்கே அகப்படாது. இது திம்திம்மென்று அடிக்கிறது. விடவும் மனசு வரவில்லை. பஸ்ஸே சிரிக்கிறது. அந்த மனுஷன் மட்டும் கையை இழுக்காமல் மெதுவாகக் கேட்டார்: "இன்னா சிஸ்டர், நான் பொழச்சிக்குவனா?"

பிழைத்தவனுக்கு ஒப்பாரி

பழவேற்காட்டு மீனவர் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். சலைன் ஏற்றியதும் கண் திறந்து தண்ணீர் கேட்டார். அந்த நிமிஷம் பார்த்து எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தின நாள் செத்தவர்களுக்கு ஒரு சொட்டு விடவில்லை, பிழைத்தவருக்கு அழுகிறேன். இது என்ன கூத்து? அவர் சம்சாரம் முந்தானையால் என் முகத்தைத் துடைக்க வந்தாள். தொடாதே என்று கத்தினேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நீயே அழுதுகினு இருந்தா, நாங்க யாராண்ட போய் அழுவறது சிஸ்டர்?" என்றாள்.

செல்வி

என் மகள் செல்விக்கு அப்போது மூன்று வயசு. நான் வீட்டுக்கு வந்ததும் ஓடி வருவாள். "கிட்ட வராதே, குளிக்கணும்" என்று கத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடுவேன். குளித்த பிறகும் கை சுத்தமாகாத மாதிரியே இருக்கும், மறுபடி தேய்ப்பேன். கடைசியில் பிள்ளையைத் தொடாமலே படுத்துவிடுவேன். நோயைக் கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்துவிடுவேனோ என்ற பயம்தான், வேறென்ன.

காலரா அடங்கிக் கொட்டகையைப் பிரித்த அன்று, இனிமேல் தூக்கலாமா கூடாதா என்று குழம்பிக்கொண்டே வாசலில் நின்றேன். செல்வியைக் காணோம். கொல்லையில் சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வேலைக்குப் போயிருக்கும்போது தினமும் இப்படித்தான் செய்கிறாள் என்றார் என் வீட்டுக்காரர். சொட்டச் சொட்ட வந்து எட்டி நின்று கேட்டாள்: "நான் நல்லா குளிச்சிட்டேம்மா, இப்பவாச்சும் என்னைத் தூக்குவியா?"

காலராவுக்கு ஊசி போட்ட சர்க்கார், எங்கள் கிறுக்குக்கு என்ன போடுவது என்று மட்டும் கடைசி வரைக்கும் யோசிக்கவே இல்லை.