கோடைப் படங்கள் வாசித்த காலைகள்

என்னிடம் மிஞ்சியிருக்கும் நாள்காட்டித் தாள்களில் ஒன்று 1931 ஏப்ரல் 20, திங்கட்கிழமைக்கு உரியது. அதன் பின்புறத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: "இரவு மழை இல்லை. போகலாம்."

போகலாம் என்றது ஆயாக் கொட்டகைக்கு. ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போகும் தாய்மார் விடியுமுன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போகும் ஓலைக் கொட்டகை அது. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும். ஆனால் அந்த ஏப்ரலுக்கு முன் நான் ஒரு நாளும் அங்கே இறங்கியதில்லை.

என் கணவர் மலாயாவில், செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். 1927இல் கல்யாணம் முடிந்து யாழ்ப்பாணத்திலிருந்து அவரோடு வந்தேன். எங்கள் வீடு மேட்டின் நடுவில். மேலே வெள்ளைக்காரத் துரையின் பங்களா, கீழே தொழிலாளர் லயங்கள். கிராணி வீட்டுப் பெண்கள் மேலேயும் ஏறுவதில்லை, கீழேயும் இறங்குவதில்லை. அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். சாமான் வீட்டுக்கே வரும். தண்ணீர் வீட்டுக்கே வரும். பிள்ளைகளும் எங்களுக்கு இல்லை. நான்கு வருஷத்தில் ஜொகூர் பாருவுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். மற்ற நாட்களில் ரயில் போகும் சத்தத்தை வைத்துத்தான் எனக்கு வெளியுலகம். ரயில் பிந்தினால் அதையும் தாளில் குறித்துவைப்பேன். குறிக்க வேறெதுவும் இருக்கவில்லை.

அந்த ஏப்ரலில் துரையின் மனைவி, துரைசானி, கோடைக்கென்று சீமையிலுள்ள தன் ஊருக்குப் புறப்பட்டார். புறப்படுமுன் வளர்ந்துவிட்ட தன் பிள்ளைகளின் படப் புத்தகங்களை ஒரு தேயிலைப் பெட்டியில் போட்டு எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். கிராணியின் மனைவிக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமாமே, கோடைகாலப் புத்தகங்களை மட்டும் பொறுக்கி, கொட்டகைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லி வாசிக்கட்டும், பனி விழுகிற புத்தகங்கள் அவர்களைக் குழப்பும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பங்களாவின் சொல்லை என் கணவரால் தட்ட முடியவில்லை.

"துரைசானி திரும்பி வருமட்டும்தான்," என்றார். "பிறகு நீர் அங்கை இறங்கிறேல்லை. ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"எப்ப வருவா?"

"அக்டோபர்."

ஆறு மாதம். துரைசானி வந்ததும், இன்னும் கொஞ்சக் காலம் வாசிக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன். அதற்குப் பிள்ளைகள் கேட்டுப் பழகியிருக்க வேண்டும். புத்தகங்களும் முடிந்துவிடக் கூடாது.

புத்தகங்களைத் தரையில் பரப்பிப் பிரித்தேன். பனியும், இலையில்லாத மரமும், அடுப்பெரியும் கூடமும் ஒரு பக்கம். கடற்கரை, வைக்கோல் போர், வண்ணத்துப்பூச்சி, புல்தரையில் துணி விரித்துச் சாப்பிடும் குடும்பம் மறுபக்கம். அதிலும் சொல் குறைந்து படம் நிறைந்தவற்றை முதலில் எடுத்து வைத்தேன். ஒரு பக்கத்தை ஒரு காலை முழுவதும் இழுக்கலாம். ஒரே ஒரு புத்தகத்தில் சிக்கல் வந்தது. கோடை என்று அட்டையிலேயே போட்டிருந்தது. உள்ளே முதலிலிருந்து கடைசிவரை மழை. ஒரு சிறுமி கண்ணாடி ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறாள், அழுகிறாள், மழையைப் போகச் சொல்கிறாள். பக்கத்தில் தாய் உட்கார்ந்து துணி தைக்கிறாள். அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுப் பனிப் புத்தகங்களோடு போட்டுவிட்டேன்.

மழை எனக்கு ஆகாது. இரவில் மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும். பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லையென்றால் தாய்மார் லயத்திலேயே இருப்பார்கள், கொட்டகையில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள், நான் இறங்குவதற்குக் காரணம் இருக்காது. அதனால் விழித்ததும் தகரக் கூரையைத்தான் கேட்பேன்.

முதல் நாள் கொண்டுபோனது கடற்கரைப் புத்தகம். ஆயா தூளிகளுக்கு நடுவே நின்று வரவேற்றாள்.

"வாங்க கிராணியம்மா, ஒங்க பட்டாளம் குந்தியிருக்கு. மூக்க மட்டும் பொத்திக்கிங்க, ரெண்டு இப்பத்தான் பேண்டுச்சுங்க."

படத்தைத் தூக்கிக் காட்டினேன். ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் வாளியும் சின்ன மண்வெட்டியுமாக மணலைத் தோண்டிக்கொண்டிருந்தான்.

"அலமாக்! இந்த வயசுலயே தண்ணி போற கான் வெட்ட வுட்டுட்டாங்களா?" என்றாள் ஆயா.

"வாளியில பாலு இல்ல, மண்ணு!" என்று ஒருவன் கத்தினான். "கங்காணி பாத்தா ஒதைப்பாரு!"

இது கோடை, விளையாடுகிறார்கள் என்று விளக்கினேன். என் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டு அவர்கள் சிரித்த சிரிப்பில் விளக்கம் அடிபட்டுப் போயிற்று. தம்பியை இடுப்பில் சுமந்தபடி நின்ற ஐந்து வயதுச் சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. படத்தின் மூலையில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த பெண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"இது யாரு?"

"அந்தப் பெடியன்ரை அம்மா."

"அவங்க ஏன் வெட்டுக்குப் போவல?"

நான் பதில் தேடுவதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "மழ பேஞ்சிருக்கும். மரம் நனஞ்சிருக்கும்."

"வெயிலு அடிக்குதுல்ல, பைத்தியம்!" என்றான் வாளியைப் பற்றிக் கத்தியவன்.

"ராத்திரி பேஞ்சிருக்கும்டா, மாங்கா!"

அதோடு வழக்கு தீர்ந்தது. அடுத்து வந்த வைக்கோல் போர், வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றுக்கும் அதே தீர்ப்புத்தான். படத்தில் தாய் இருந்தால் முந்தின இரவு மழை. தாய் இல்லாத படத்தை அவர்கள் அதிகம் பார்க்கவில்லை. நான் வெயிலை வெயிலாகப் பொறுக்கிக்கொண்டு போய்க் காட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஒவ்வொன்றிலும் மழையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஜூலையில் ஒரு காலை அந்தச் சிறுமி கேட்டாள். "மழைன்னா நீங்க ஏன் வர மாட்றீங்க? எங்கம்மா அன்னிக்கு லயத்துலதான் இருக்கும். வந்து பாக்கலாமுல்ல?"

"லயத்துக்கு நான் வரேலாது."

"ஏன்? கால் வலியா?"

ஆயா வெற்றிலையை மென்றபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் மழைப் புத்தகத்தை எடுத்துப்போனேன். கோடைப் புத்தகங்கள் முடியும் நிலையில் இருந்தன என்பதும் ஒரு காரணம். முதல் பக்கத்து மழையைக் கண்டதும் கொட்டகை கைதட்டியது. ஜன்னல் படம் வந்தபோது கைதட்டல் நின்றது.

"ஏன் அழுவுது?"

"மழையிலை வெளியிலை போகேலாது, அதுதான்."

"அம்மாதான் பக்கத்துலயே இருக்காங்களே!" என்றாள் சிறுமி. அவளுக்கு அந்த அழுகை கொஞ்சமும் பிடிபடவில்லை. எனக்கு நன்றாகப் பிடிபட்டது. "பல்லு வலியா இருக்கும்," என்று ஆயா முடித்துவைத்தாள். அதற்குப் பிறகு வேறு புத்தகத்தை அவர்கள் கேட்கவில்லை. ஒன்றையே திரும்பத் திரும்ப வாசித்தேன். என் காலைகள் நீண்டன.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். ஆள் குறைத்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். செப்டம்பரில் அந்தச் சிறுமியின் வீட்டுக்கும் உத்தரவு வந்தது. தேதி என்னிடம் இல்லை. அந்த வாரத்துத் தாள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. அவர்களை ஏற்றிப்போக லாரி வருவதற்கு முதல் நாள் காலையில் அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அந்த மழப் பொஸ்தகத்த எனக்குக் குடுத்துடுங்க. ஒங்களுக்குத்தான் மழ புடிக்காதே."

"அது துரைசானியின்ரை."

"அவங்க ஊர்லதான் நெறய இருக்குமே."

புத்தகம் குறைந்தால் கணவருக்குத் தெரிந்துவிடும். அக்டோபர் பக்கத்தில் வந்துவிட்டது. பெட்டி ஒழுங்காகத் திரும்பினால்தான் எனக்காகத் துரைசானியிடம் ஒரு சொல் கேட்க முடியும். இவையெல்லாம் தெரிந்துகொண்டே ஜன்னல் படத்தின் தாளைப் புத்தகத் தையலோடு ஒட்டி மெதுவாகக் கிழித்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, சிறுமி இருந்த பாதியை உள்ளே தள்ளி, தாய் வெளியே தெரியும்படி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு தம்பி மூக்கைத் துடைத்துவிட்டாள்.

அக்டோபரில் துரைசானி வந்தார். பெட்டியைத் திருப்பி அனுப்ப என் கணவர் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி அடுக்கினார். அவர் அப்படித்தான், எதையும் பார்க்காமல் கைமாற்ற மாட்டார். மழைப் புத்தகத்தில் கை நின்றது.

"ஆர் கிழிச்சது?"

"நான்தான்."

"உமக்கு என்ன விசரோ?"

"ஒரு பிள்ளை கேட்டுது. குடுத்தன்."

"எந்தப் பிள்ளை?"

"ஊருக்குப் போயிட்டுது."

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு பெட்டியைத் தூக்குகிற ஆளோடு மேலே போனார். நான் வாசலில் நின்று, இன்னும் கொஞ்சக் காலம் வாசிக்கட்டும் என்று பங்களா சொல்லுமா என்று காத்திருந்தேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றியபடி சொன்னார்: "துரைசானி இனி வேண்டாமெண்டு சொல்லிப்போட்டா."

"தாளைப் பாத்தவவோ?"

"அதெல்லாம் ஏன் உமக்கு?"

மறுநாள் தாளில் "மழை இல்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். 'போகலாம்' அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் இல்லை. கொட்டகையிலிருந்து ஆயாவின் அதட்டல் காற்றில் வந்தால், இன்றைக்கு வெட்டு நடக்கிறது என்று தெரிந்துகொள்வேன். 1936இல் அவருக்கு மூவாருக்கு மாற்றல் வரும்வரை அந்த வீட்டில்தான் இருந்தோம்.

துரைசானி எங்கள் வீட்டைத் தாண்டிக் காரில் போகும்போது கைகாட்டுவார். முகத்தில் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் பங்களாவுக்கு ஏறிப் போய்க் கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. காரை மறித்துக் கேட்கும் துணிவும் எனக்கு வரவில்லை. இனி வேண்டாம் என்று அவர் உண்மையிலேயே சொன்னாரா, அல்லது அந்தச் சொல் என் கணவர் மேட்டிலிருந்து இறங்கி வரும் வழியில் உண்டானதா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படாதது.