கை நீட்டிய கிழவி

"மேடம், ஏ கீல் நிகாலூ க்யா?" ஆணியைப் பிடுங்கிவிடவா என்று பெயின்டர் இந்தியில் கேட்டபோதுதான் அதைப் பார்த்தேன். ஔந்தில் அப்பா அம்மா இருந்த வீட்டு ஹாலில், சோபாவுக்கு மேலே, துருப்பிடித்துத் தனியாக நின்றது. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஓர் ஆணிமேல் இந்த அம்மாளுக்கு இத்தனை பாசமா என்று நினைத்திருப்பான். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த ஆணியில் தொங்கிய படத்தால்தான் என் கல்யாணம் நின்றது.

அப்பாவுக்கு லோஹேகாவில் விமானப்படைக் கணக்கு ஆபீசில் வேலை. அவருடைய மேலதிகாரி மாற்றலாகிப் போகும்போது, பெட்டியில் அடங்காத சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஒருத்தருக்கு இஸ்திரிப் பெட்டி, ஒருத்தருக்கு மீன்தொட்டி. எங்கள் அதிர்ஷ்டம், படம். பழைய ஐரோப்பியப் படம். செப்புத் தகட்டில் கீறி, மையேற்றி அச்செடுத்தது. வண்ணமே கிடையாது, மெல்லிய கோடுகள்தான். ஓர் இளம்பெண் வீணை மாதிரி ஒன்றை மடியில் வைத்து வாசிக்கிறாள். தொப்பிக்காரன் ஒருவன் கோப்பையும் கையுமாக அவளையே பார்க்கிறான். பின்னால் முக்காடு போட்ட கிழவி உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அம்மாவுக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. "பொண்ணு பார்க்கற படம்டி இது! பொண்ணு பாடிக் காட்டறா. மாப்பிள்ளை காபி குடிக்கறான். அம்மாக்காரி தாம்பூலம் வாங்கிக்கக் கை நீட்டறா பாரு. வெள்ளைக்காராளுக்கும் இதெல்லாம் இருந்திருக்கு!" வருகிறவர்களிடமெல்லாம் இதே விளக்கம்தான். கிழவியைக் காட்டி "இது நான்" என்பாள், பெண்ணைக் காட்டி "இது இவ" என்பாள். நல்ல சகுனம் என்று சோபாவுக்கு மேலேயே மாட்டச் சொன்னாள்.

என் பாட்டு சுமார்தான். பயம் வந்தால் சுருதி தானாக மாடிப்படி ஏறும். அதை ரசித்த ஒரே ஜீவன் அம்மா. அவள் தேங்காய் துருவ, நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், மாடுங்காவிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கேசரி வாசனை எனக்கு இன்றைக்கும் அந்த நாளின் வாசனைதான். நான் சுருதி தப்பியபோது பையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது. "எங்களுக்குச் சம்மதம்" என்று அவர் அம்மா தாம்பூலத் தட்டை எடுத்தாள். அம்மா கை நீட்டினாள். வாய் சும்மா இருக்குமா?

"படத்துல இருக்கற மாதிரியே ஆயிடுத்து பாருங்கோ! அந்த அம்மா நான்தான்!"

பையனின் அக்கா காலேஜில் ஓவிய வரலாறு எடுப்பவள். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயோ மாமி, அது அம்மா இல்ல, தரகுக்காரி. அந்தக் காலத்துல இந்த மாதிரி படம் நெறைய உண்டு. கையில வாத்தியத்தோட பொண்ணு, மதுக் கோப்பையோட ஆம்பிளை, பின்னாடி கை நீட்டற கிழவின்னா, அது அந்த மாதிரி வீடு. பொண்ணுக்குக் காசு கேக்கறா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா வாயில் பஜ்ஜியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் படத்தைப் பார்த்தேன், பிறகு எங்களைப் பார்த்தேன். பட்டுப்புடவையில் நான், டம்ளரும் கையுமாக அவர், எனக்குப் பின்னால் கை நீட்டிக்கொண்டு அம்மா. ஐயோ, நின்ற இடம்கூட மாறவில்லை!

அம்மா வெடுக்கென்று கையை இழுத்துப் புடவைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டாள். தட்டு அந்தரத்தில் நின்றது.

"வாங்கிக்கோங்கோ மாமி" என்றாள் பையனின் அம்மா.

"நான் என் பொண்ணைக் கேக்கவே இல்லியே" என்றாள் அம்மா. திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

அப்போதாவது என்னைக் கேட்டிருந்தால் சரியென்றிருப்பேன். நானாகச் சொல்ல வாயே வரவில்லை. நாங்கள் அவமானப்படுத்திவிட்டதாக நினைத்து அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலமே அம்மா படத்தைக் கழற்றிப் பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்தாள். "இனிமே யார் முன்னாலயும் உன்னைப் பாடச் சொல்ல மாட்டேன்டி" என்று அழுதாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். சில வருஷம் கழித்து, கூட வேலை பார்த்தவரை நானே கல்யாணம் செய்துகொண்டேன். பஜ்ஜி இல்லை, கேசரி இல்லை, யாரும் தட்டு நீட்டவில்லை. பெண் பார்க்கிற சங்கதியே எங்கள் வீட்டில் அன்றோடு ஒழிந்தது, நல்லதாய்ப் போயிற்று.

ஆனால் சமையலறையில்கூட அம்மா என்னைப் பாடச் சொல்லவில்லை. தேங்காய் துருவும் சத்தம் மட்டும் கேட்கும். நானாகப் பாடினால் அவளுக்கு அந்தப் படம் ஞாபகம் வந்துவிடுமோ என்று நானும் வாயைத் திறக்கவில்லை. போன வருஷம் அம்மா போய்விட்டாள். ஒரே ஒரு தடவை "பாடுடி" என்றிருந்தால் பாடியிருப்பேன்.