கூட்டாமல் விட்ட வேலியடி

எங்கள் ரெக்ஸ்டேல் வீட்டின் பின்வளவில் நீளத்துக்கு ஒரு சீடர் மர வேலி. வீடு வாங்கின நாளிலிருந்து, இலை கொட்டி முடிந்ததும் அதன் அடியை ஈர்க்கு விளக்குமாற்றால் மண் தெரியக் கூட்டி, சருகைக் கடதாசிப் பைகளில் அடைத்து ரோட்டோரம் வைத்துவிடுவேன். மண்ணில் விளக்குமாற்றுக் கீறு வரிவரியாகத் தெரிந்தால்தான் எனக்குக் கூட்டின மாதிரி.

ஒரு வருடம் முழங்கால் நோவில் பாதி வேலிதான் கூட்ட முடிந்தது. மற்றப் பாதியில் மேப்பிள் இலை கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. எலி வரும், வளவு துப்புரவில்லை என்று சிட்டிக்காரர் கடிதம் போடுவார்கள் என்று பனிகாலம் முழுக்க யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. கோடையில் வேலியோடு பயித்தங்காய் போட்டேன். கூட்டின பக்கத்துக் கொடிகளில் கறுத்த பேன் மாதிரிப் பூச்சி அப்பி, பிஞ்செல்லாம் சுருண்டு போயிற்று. சருகு கிடந்த பக்கம் நல்ல காய். அங்கே சிவப்பில் கறுத்த பொட்டு வைத்த வண்டுகள் அந்தப் பேனைத் தின்றுகொண்டு திரிந்தன.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனாலும் இவ்வளவு காலமும் பையில் கட்டி அனுப்பினது சருகை மட்டும் இல்லை என்று விளங்கியது.

போன கார்த்திகையில் மாமாவின், என் மனுசனுடைய தகப்பனாரின், திவசம் எங்கள் வீட்டில். வேலியடியில் ஒரு இலையையும் நான் தொடவில்லை.

“அக்கா றிச்மண்ட் ஹில்லில இருந்து வாறா. முதல் அவவின்ர கண்ணில உதுதான் படும். கூட்டிவிடட்டே?” என்றார் இவர்.

“கூட்டினா அடுத்த வருசம் பயித்தங்காய்க் கறி கேக்கக்கூடாது.”

விளக்குமாற்றைத் திரும்பக் கராஜில் வைத்தார்.

காகத்துக்குச் சோறு வைக்கப் பின்வளவுக்குப் போன இவரின் அக்கா, என் மச்சாள், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகக் கேட்டா: “என்ன மச்சாள், உங்கட வீட்டில விளக்குமாறு இல்லையோ?”

நான் குந்தி இருந்து மேல் இலைகளை மெல்ல நீக்கினேன். வண்டுகள் மாதுளை முத்துப்போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பக்கத்தில் காலை மடக்கின சிலந்தி ஒன்று.

“செத்துப்போச்சுதுகளே?”

“இல்லை. படுத்திருக்குதுகள். சித்திரை கழியத்தான் எழும்பும். எழும்பினா என்ர பயித்தங்கொடியைப் பாக்கிறது இதுகள்தான்.”

மச்சாள் குனிந்து ஒன்றின்மேல் வாயால் ஊதினா. அது ஒரு காலை நீட்டிற்று.

“அட கள்ளி! மூடும், மூடும். குளிரப்போகுது.” தானே இலைகளை அள்ளிப் போட்டு அமத்தினா. பிறகு பிள்ளைகள் சாப்பாட்டுக் கோப்பையோடு அந்தப் பக்கம் போக, அவவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது: “அங்கால ஒருத்தரும் உழக்காதேங்கோ!”

அன்றைக்கு நிம்மதியாக இருந்து மூன்று வடை சாப்பிட்டேன். மச்சாள் கொஞ்சம் இறுக்கி அமத்திப்போட்டாவோ என்ற யோசனை மட்டும் இருந்தது. ஆட்கள் போனதும் வேலியடிக்குப் போய் விரலால் இலைகளைச் சற்று இளக்கிவிட்டு வந்தேன்.