மாமரத்துக்கு ஆளுக்கு அரை மணி

எழுபதுகளின் நடுவில், மயிலாப்பூரில் மாதா கோயிலை ஒட்டிய ஹாலில் அந்த டாகுமெண்டரியைப் போட்டார்கள். கோபாலபுரத்தில் எங்கள் வீட்டில் குடியிருந்த எல்லோரையும் அதற்கு அழைத்துப்போனவர் பக்கத்துப் போர்ஷன் டீச்சர். எங்கோ மலையில், முப்பாட்டன் காலத்திலிருந்து தங்களுடையதாக இருந்த காட்டைக் கான்டிராக்டர் வெட்ட வருகிறான். ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தியும் கை ஓங்கவில்லை. கோடாலிக்காரர்கள் திரும்பி நடந்தபோது நான் விசில் அடித்தேன். நாற்பத்தாறு வயதில் முதல் விசில் என்று டைரியில் இருக்கிறது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டு மாமரத்தை வெட்ட ஆள் வருவதாக இருந்தது. வீட்டுக்காரர் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். அதற்கு ஷெட் வேண்டும். டீச்சர் மாலையில் டியூஷன் எடுத்தது அந்த நிழலில்தான். அவருடைய ஒற்றை அறையில் ஆறு பிள்ளைகள் உட்கார இடமில்லை. மரம் போனால் டியூஷனும் போய்விடும்.

"நாமளும் கட்டிக்கிட்டு நின்னா என்ன சார்?" என்றார், திரும்பும் பஸ்ஸில்.

விடிந்ததும் இஞ்சு டேப்பால் அடிமரத்தை அளந்தேன். சுற்றளவு ஐந்தடி நாலங்குலம். இருவர் கட்டினால் கையோடு கை பட்டுவிடும், சங்கடம். ஆகவே ஆளுக்கு அரை மணி என்று முறை எழுதி மரத்திலேயே தொங்கவிட்டேன். முதல் முறை என்னுடையது.

மரம் வெட்டுகிறவர் கயிற்றோடு வந்து நின்றார். "இன்னா சார், மரத்தோட டூயட்டா?"

பதில் சொல்வதற்குள் மரத்திலிருந்த சிவப்பு முசுறு எறும்புகள் என் முகத்தில் ஏறிச் சட்டைக்குள்ளும் புகுந்தன. படத்தில் எறும்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரு கையை எடுத்தேன்.

"அடிக்காதீங்க சார்! படத்துல அவங்க கை ஓங்கலையே!" என்று கத்தினார் டீச்சர், சிரிப்பை அடக்க முடியாமல். மரத்தை விடாமலே குதித்தேன்.

வீட்டுக்காரர் வெளியே வந்தார். "என்னப்பா வேடிக்கை? ஏறி வெட்டு."

"நானா? சார் மூஞ்சைப் பாரு சாமி, பணியாரமாட்டம் உப்பிக்கினு கீது. ஏறாம அடில வெட்னா உன் ஓட்டு மேலதான் வுழும்."

"அந்த மனுஷனை நானே இழுத்துப் போடறேன்" என்று வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்தார். பிடித்த கை வழியாகவே எறும்புகள் அவரிடம் குடிபோயின. அடுத்த நிமிடம் வேட்டியை ஒரு கையிலும் பூணூலை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வாசல் முழுக்க ஆடினார்.

"ஷெட்டை அந்தண்டை போட்டுக்கறேன் ஓய்! மொதல்ல முதுகுலேர்ந்து எடும்!"

எடுத்தேன், ஒவ்வொன்றாக. பதினேழு.

மாலையில் டியூஷன் நடந்தது, பாயை மட்டும் மரத்திலிருந்து நாலடி தள்ளிப் போட்டு. டைரியில் இப்படி எழுதினேன்: 'ஒன்பது பத்து முதல் ஒன்பது இருபத்தாறு வரை நான். டீச்சர் முறை தேவைப்படவில்லை.'