எட்டாத பினியன்

மரகதம் எதையும் ஒருமுறை எண்ணியதோடு விடுகிறவள் அல்ல. தீவின் ஹேடோ துறையில் கப்பலிலிருந்து இறங்கிய பெட்டியை வியாழக்கிழமை காலை ஹம்தான் கொண்டுவந்து வைத்ததும், உள்ளே இருந்த இரண்டு பல்சக்கரங்களையும் மூன்றுமுறை எண்ணினாள். பெரிய சக்கரமான கிரவுனில் நாற்பத்தொரு பல். அதைச் சுற்றவைக்கும் சின்னப் பினியனில் பத்து.

"நாலு பாயிண்ட் ஒண்ணு. நாம கேட்டதுதான்" என்றாள்.

"அப்ப சண்டேக்குள்ள ரெடியாயிடும்லக்கா?"

ஹம்தான் அபர்தீன் பஜாரில் அப்பாவின் துணிக்கடையைப் பார்த்துக்கொள்பவன். மெயின்லேண்டுக்குத் திரும்பிப்போன ஓர் அதிகாரியிடமிருந்து பச்சை நிற ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியிருந்தான். இரண்டே இருக்கை. நேரான நீண்ட சாலைகளில் பறப்பதற்காகச் செய்த கார். என்ஜினிலிருந்து வரும் தண்டு மூன்று சுற்று சுற்றினாலே பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றிவிடும். தீவின் மேடுகளில் அது உதவவில்லை. ஒவ்வொரு ஏற்றத்திலும் முதல் கியரில் முனகிக்கொண்டு, கிளட்ச் தீயும் வாசனையோடுதான் ஏறியது. நாலு சுற்றுக்கு ஒரு சுற்று என்று பின் அச்சின் பல்சக்கரங்களை மாற்றினால் இழுவை கிடைக்கும். அவன் மனைவி ஷாஹிதாவின் தாய்வீடு, காட்டையும் ஒரு பெர்ரியையும் தாண்டிப் போகவேண்டிய பாராடாங்கில். திருமணமான பிறகு முதல்முறையாக அவளை இந்தக் காரில்தான் அழைத்துப் போவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

மரகதத்துக்கு முப்பத்தெட்டு வயது. அருப்புக்கோட்டையிலிருந்து சாலை வேலைக்கு வந்தவரின் மகள். ஐடிஐயில் மெக்கானிக் படித்துவிட்டு, ஹேடோ குடியிருப்புகளுக்குப் பின்னால் தனியாக ஷெட் போட்டிருந்தாள்.

மத்தியானத்துக்குள் எல்லாம் பொருந்தியது. பேரிங்குகள் சரியாக உட்கார்ந்தன. கிரவுன், கேஜின் மேல் துளைக்குத் துளை நின்றது. கேஜ் என்பது கிரவுனைத் தாங்கிச் சுற்றும் இரும்புக் கூடு. ஆனால் பற்களில் நீலச் சாயம் பூசிச் சுற்றிப் பார்த்தபோது அவள் முகம் மாறியது. பற்கள் உரசும் இடத்தில் சாயம் அழிய வேண்டும்; பல்லின் நடுவில் அழியவில்லை. நுனியில் மட்டும் ஒரு கீற்று அழிந்திருந்தது. கையால் ஆட்டினால் கிரவுன் கடகடவென்று ஆடியது.

"எட்டல" என்றாள். "புது பினியனோட தலை சின்னது. அதுக்குத் தக்கபடி கிரவுன் கிட்ட வரணும். இந்த கேஜ் பழைய பெரிய பினியனுக்குச் செஞ்சது."

"அரே, நடுவுல ஒரு ரிங் வெச்சுத் தள்ளுங்கக்கா. மெயின்லேண்ட்ல அப்படித்தான் பண்றாங்களாம்."

"மாட்டேன்."

"அடுத்த கப்பல் எப்ப வரும்னே தெரியாது. சண்டே எல்லாரும் அங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

"நான் மாட்ட மாட்டேன், ஹம்தான்."

அவன் சாவியை மேசையில் வீசிவிட்டுப் போனான்.

மரகதத்தால் உட்கார முடியவில்லை. டீயை ஊற்றினாள், பாதி குடித்துவிட்டு மறந்தாள். சாயத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பூசிப் பார்த்தாள். அதே கீற்று. வேண்டிய கேஜ் இந்தத் தீவில் ஒரே ஓர் இடத்தில் இருப்பது அவளுக்குத் தெரியும். அந்தக் காரைச் செய்த அதே கம்பெனியின் பழைய பிக்கப் வண்டி ஒன்றில். அதன் அச்சை நான்கு வருடங்களுக்கு முன் அவளே திறந்திருக்கிறாள்.

அந்த வண்டி சௌல்தாரி கிராமத்து அன்பழகனுடையது. வேகமாக ஓட வேண்டும் என்று அவர் கேட்டதால், வேறு விகிதத்தில் பழைய கிரவுனும் பினியனும் வாங்கி மாட்டினாள். அங்கே சிக்கல் நேர்மாறாக இருந்தது. பெரிய பினியன் உள்ளே போக இடம் போதவில்லை. இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய இடைத்தகடுகளை எல்லாம் எடுத்துவிட்டு இறுக்கி மூடினாள். சாயம் பூசிப் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம், ஜிர்காடாங் செக்போஸ்ட் தாண்டி, போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகும் பழங்குடியினரின் காப்புக்காட்டில், நிற்கவே கூடாத அந்தச் சாலையில், அச்சு சூடேறி இறுகியது. பிக்கப் குறுக்கே திரும்பி நின்றது. பின்னால் அறுபது வண்டிகள். யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்பழகனின் சரக்கு ஒப்பந்தம் போயிற்று. என்ன ஆச்சு என்று ஹேடோ ஸ்டாண்டில் டிரைவர்கள் கேட்டபோது மரகதம், "ஓவர் லோடு" என்றாள். அதையே எல்லாரும் சொன்னார்கள். அதன்பிறகு சௌல்தாரிப் பக்கம் அவள் போனதேயில்லை.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கே விடிந்துவிட்டது. கேஜில் பொருந்துகிறதா என்று பார்க்க, ஹம்தான் காரின் அச்சுத்தண்டு ஒன்றைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, ஸ்கூட்டரில் கட்டினாள். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தினாள். இரண்டாவது இடத்தில் ஸ்கூட்டரைத் திருப்பியே விட்டாள். கொஞ்சதூரம் வந்தபிறகு மறுபடி திருப்பினாள்.

அன்பழகன் பாக்குத் தோட்டத்தில் குழாய் போட்டுக்கொண்டிருந்தார். பிக்கப் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் நின்றது.

"மரகதமா? என்ன இவ்ளோ தூரம்?"

அவள் கேஜைப் பற்றி ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"அண்ணே, அன்னைக்கு லோடு காரணமில்ல. நான் மாட்டுனதுதான் தப்பு. கேஜுக்கு சேராத செட்டை இறுக்கி மூடிட்டேன். எனக்கு அப்பவே தெரியும்."

அன்பழகன் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார்.

"என்கிட்ட சொல்லாத" என்றார். "உள்ள சந்திரமதி இருக்கா. அவகிட்ட போய்ச் சொல்லு. பேராசைப்பட்டு ஏத்துனேன்னு நாலு வருஷமா என்னைய ஏசிக்கிட்டு இருக்கா."

அவர் மனைவி சந்திரமதி அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பத்து மூட்டைதான்னு அவரு சத்தியம் பண்ணாரு. நான் நம்பல." அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "ஸ்டாண்டுல நாலு பேருக்கு முன்னால சொன்னீல்ல? அங்கயும் போயி சொல்லு. அதுக்கப்புறம் வண்டியில என்ன வேணும்னாலும் எடுத்துக்க."

"சொல்றேன்க்கா. இன்னைக்கே."

"நீ சொல்லுவ, இப்பவே கழட்டிக்க" என்று அன்பழகனே ஜாக்கி எடுத்துக்கொடுத்தார். அச்சைத் திறந்தபோது கருகிய எண்ணெய் நாற்றம் அடித்தது. பினியனின் பற்கள் உருகி மழுங்கியிருந்தன. கேஜ் தப்பியிருந்தது. விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவித் தடவிப் பார்த்தாள். சாக்கைப் பிரித்து, கொண்டுவந்த அச்சுத்தண்டை உள்ளே விட்டாள். தண்டின் நுனியிலிருந்த பள்ளங்கள் கேஜின் பள்ளங்களில் வரிக்கு வரி பொருந்தி இறங்கின. வெளியே எடுத்து மறுபடி விட்டுப் பார்த்தாள்.

கேஜைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனபோது மத்தியானம். எட்டுப் பேர் நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். தமிழில் ஒருமுறை, வங்காளி டிரைவர்களுக்காக இந்தியில் ஒருமுறை சொன்னாள். "தப்பு என்னோடதுதான். கல்தி மேரி தீ." ஒருவர் சிரித்தார். ஒருவர், "என் வண்டியும் நீதானேம்மா பார்த்த?" என்று கேட்டார். "கொண்டு வாங்க, திறந்து காட்டுறேன்" என்றாள். அடுத்த வாரம் அவளிடம் விடவிருந்த லாரியை ஒருவர் வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோனார்.

சனிக்கிழமை முழுதும் வேலை. கேஜை மாற்றி, இடைத்தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் ஐந்துமுறை சாயம் பூசினாள். ஐந்தாவது முறை நீலம் பல்லின் நடுவில் சீராக அழிந்தது. மாலையில் ஹம்தானைக் கூப்பிட்டு மேட்டில் ஓட்டச் சொன்னாள்.

"ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். ஓடுறதைவிட அதிகமா காட்டும். மீட்டரோட சின்ன பல்சக்கரமும் மாத்தணும், அது அடுத்த கப்பல்ல" என்றாள். அவன் எதுவும் காதில் வாங்கவில்லை. இரண்டாவது கியரில் மேடு ஏறிய சந்தோஷத்தில் கத்திக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிவரிசை கிளம்பும் நேரத்திலிருந்து மரகதம் ஷெட்டின் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். காட்டுக்குள் சிக்னல் கிடையாது. ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கினாள், கலைத்தாள். போன் அடித்தபோது கை நழுவி அது தரையில் விழுந்தது.

"அக்கா! பெர்ரில ஏறி இறங்கிட்டோம். ஷாஹிதா பக்கத்துல இருக்கா, பேசறீங்களா?"

"முதல்ல இறங்கிப் போய் பின்னால அச்சைத் தொட்டுப் பாரு."

"என்னக்கா இது..."

"தொடு ஹம்தான்."

கதவு திறக்கும் சத்தம். படகுத்துறையின் இரைச்சல். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வெதுவெதுன்னு இருக்கு. கை வைக்க முடியுது."

"எவ்ளோ நேரம் வைக்க முடியுது?"

"வெச்சுக்கிட்டேதான் இருக்கேன்க்கா" என்றான் அவன்.